புற்றுநோயின் வரவு செலவு: வளர்சிதை விவரம் படிக்கத் தொடங்குவோருக்கு

நான் "கண்டுபிடித்த" முதல் புற்றுநோய் அறிகுறி, ஊசி குத்துவதற்கு முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்.

ரத்த சீரத்தின் என்.எம்.ஆர். வரைபடத்தில் (காந்தப்புலத்தில் மூலக்கூறுகளை அடையாளம் காணும் கருவி தருவது), அதன் அளவுகோலில் 1.17 பி.பி.எம். இடத்தில் அழகான இரட்டை முனை ஒன்று எழுந்து நின்றது. நோயாளிகளின் மாதிரிகள் பெரும்பாலானவற்றில் அது இருந்தது; ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளில் அறவே இல்லை. இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள், பக்கத்து அறையில் இருந்த மூத்த வேதியியலாளர் வரைபடத்தை அரை நிமிடம் பார்த்தார். "இது ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஒரு இடத்தில் ஸ்பிரிட் உலர்வதற்கு முன்பே ஊசி குத்தியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் அயோடின் கரைசலால் துடைத்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்" என்றார். விசாரித்தேன். அப்படியேதான் இருந்தது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மெட்டபாலிக் புரொஃபைலிங் என்று சொல்லப்படும் வளர்சிதை விவரம் எடுத்தல் என்பது, ரத்தம், சிறுநீர் அல்லது திசுவில் இருக்கும் சிறு மூலக்கூறுகளை, அதாவது சர்க்கரை, அமினோ அமிலங்கள், கொழுப்பு வகைகள், கரிம அமிலங்கள் போன்றவற்றை, ஒரே வீச்சில் அளந்து பார்ப்பது. இவற்றுக்கு மெட்டபோலைட்டுகள் என்று பெயர். செல் எதை வாங்கியது, எதைச் செலவழித்தது, எதை வெளியே கொட்டியது என்பதற்கான கணக்குப் புத்தகம் இது. சிக்கல் என்னவென்றால், ரத்தம் ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். கல்லீரல் அதில் எழுதுகிறது, தசை எழுதுகிறது, குடல் பாக்டீரியா எழுதுகிறது, நேற்று இரவு சாப்பிட்ட சாப்பாடு எழுதுகிறது, ரத்தம் பிடித்த குழாயும் எழுதுகிறது. ஒரு கிராம்கூட எடையில்லாத கட்டி, மூலையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வரி யார் எழுதியது?

முதல் படி: ஐந்து பாதைகள் போதும்

ஆய்வகச் சுவர்களில் ஒட்டியிருக்கும் வளர்சிதை மாற்ற வரைபடத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் உண்டு. அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை சில பாதைகளை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து ஒட்டும்.

முதலாவது குளுக்கோஸ். 1920களில் ஜெர்மனியின் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க், கட்டித் திசுவுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தாலும் அது குளுக்கோஸை முழுவதுமாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றி வெளியே தள்ளுவதைக் கவனித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஊதாரித்தனம். ஒரு குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவில் முழுக்க எரித்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. ஏறத்தாழ 30 கிடைக்கும், லாக்டேட்டோடு நிறுத்திக்கொண்டால் 2 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியா பழுதானதுதான் காரணம் என்று வார்பர்க் நினைத்தார். பெரும்பாலான கட்டிகளில் அது பழுதாகவில்லை, நன்றாகவே இயங்குகிறது என்பது பிற்பாடு தெரியவந்தது. பெருகிக்கொண்டே இருக்கும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது. புதிய செல் கட்டச் செங்கல்லும் வேண்டும். குளுக்கோஸை அரைகுறையாக உடைக்கும் வழியில் டி.என்.ஏ.வுக்கும் கொழுப்புக்கும் வேண்டிய துண்டுகள் கிளைத்துக் கிடைக்கின்றன. இன்று பலரும் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று இது.

இதைப் படித்த கையோடு "சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும்" என்று உறவினர்களுக்குச் செய்தி அனுப்பாதீர்கள். சாப்பாட்டில் சர்க்கரையே இல்லாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் அதன் அளவைக் காத்துக்கொள்ளும். சிகிச்சையில் இருப்பவரின் எடை குறைவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

இரண்டாவது குளூட்டமைன், பல கட்டிகளுக்கு நைட்ரஜனும் கார்பனும் கொண்டுவந்து சேர்க்கும் அமினோ அமிலம். மூன்றாவது ஃபோலேட் பாதை. டி.என்.ஏ. எழுத்துகளைத் தயாரிக்க வேண்டிய ஒற்றைக் கார்பன் துண்டுகளை இது கைமாற்றித் தருகிறது. இந்தியாவில் பிறந்த உயிர்வேதியியலாளர் எல்லாப்ரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு உருவாக்கித் தந்த அமினோப்டெரின் என்ற ஃபோலேட் எதிர்ப்பு மருந்தைக் கொண்டு, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளிடம் தற்காலிகமாகவேனும் நோய் தணிவதை அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டினார். புற்றுநோயின் வளர்சிதையைத் தாக்கலாம் என்பது புதிய சிந்தனை அல்ல. புற்றுநோய் மருந்துகளின் வரலாறே ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான்காவது கொழுப்பு உற்பத்தி. அதை இங்கே பெயர் சொல்லி விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐ.டி.எச்.1 என்ற நொதியின் மரபணுவில் பிறழ்வு இருப்பது 2008இல் மூளைக் கட்டிகளில் தெரியவந்தது. அந்த நொதியின் வழக்கமான வேலை ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றுவது. பிறழ்ந்த நொதி வேலையை நிறுத்திவிடவில்லை. வேறு வேலையில் இறங்கிவிட்டது. ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டை 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருளாக மாற்றுகிறது என்பதை 2009இல் ஒரு குழு காட்டியது, அதுவும் வளர்சிதை விவரம் எடுத்துத்தான். இயல்பான செல்லில் இது மிகச் சொற்பம். பிறழ்வுள்ள கட்டியில் 10 முதல் 100 மடங்கு வரை குவிகிறது. குவிந்த பொருள் மரபணுக்களைத் திறந்து மூடும் நொதிகளை முடக்கி, செல்லை முதிர்ச்சியடைய விடாமல் வைக்கிறது. பிறழ்ந்த இந்த நொதியையோ, அதே பிறழ்வு காணும் அதன் உறவு நொதியான ஐ.டி.எச்.2ஐயோ தடுக்கும் மருந்துகள் 2017இலிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்று வருகின்றன: ரத்தப் புற்றுநோய்க்கு எனாசிடெனிப், ஐவோசிடெனிப், 2024இல் ஒரு வகை மூளைக் கட்டிக்கு வோராசிடெனிப். ஒரு மூலக்கூறு, அதைச் செய்த நொதி, அதன் பின்னால் உள்ள பிறழ்வு, அதற்கொரு மருந்து என்று வரி எழுதியவரைக் கையும் களவுமாகப் பிடித்த உதாரணம் இது. இவ்வளவு சுத்தமாக அமைந்தவை மிகக் குறைவு. எல்லாக் கட்டியிலும் இப்படி ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள்.

இரண்டாம் படி: மருத்துவமனையில் ஏற்கெனவே நடப்பதைப் பாருங்கள்

புதியவர்கள் நேராகப் புதுக் கண்டுபிடிப்புகளுக்குத் தாவுவார்கள். அதற்கு முன் அன்றாடம் பயன்படும் வளர்சிதைச் சோதனைகளைப் பார்த்துவிடுவது நல்லது.

பெட் ஸ்கேன் அதில் மிகப் பெரியது. கதிரியக்க ஃப்ளோரின்-18 ஒட்டிய போலிக் குளுக்கோஸை நரம்பில் செலுத்துகிறார்கள். செல் அதை உண்மையான குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்து ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதற்குமேல் அதைச் செரிக்க முடியாமல் அது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஃப்ளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் எல்லாம் அவசர அவசரமாக நடக்கும். படத்தில் பசி அதிகமுள்ள இடங்கள் ஒளிரும். மூளை எப்போதும் ஒளிரும். சிறுநீர்ப்பை, மருந்து வெளியேறும் வழி என்பதால் ஒளிரும். காசநோயால் வீங்கிய நிணநீர் முடிச்சும் ஒளிரும், ஏனென்றால் நோய் எதிர்ப்பு செல்களும் குளுக்கோஸ் பிரியர்கள்தான். மறுபக்கம், புராஸ்டேட் புற்றுநோய் பலவும் இந்தப் படத்தில் மங்கலாகவே தெரியும். "குளுக்கோஸ் எடுக்கிறது" என்பதும் "புற்றுநோய்" என்பதும் ஒன்றல்ல என்பதை ஒரே ஒரு படம் இப்படிக் காட்டிவிடுகிறது.

சத்தமில்லாமல் நன்றாக வேலை செய்யும் சோதனைகளும் உண்டு. அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டிக்கு ரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டனெஃப்ரின் அளக்கிறார்கள். செரட்டோனின் சுரக்கும் கட்டிகளுக்கு 24 மணி நேரச் சிறுநீரில் செரட்டோனின் உடைந்து வரும் 5-எச்.ஐ.ஏ.ஏ. அளக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு முன் வாழைப்பழம், அன்னாசி, வால்நட் சாப்பிடக் கூடாது என்பார்கள். அவற்றிலேயே செரட்டோனின் இருப்பதால் முடிவு பொய்யாக ஏறிவிடும். இந்தச் சோதனைகள் ஏன் வெற்றி பெற்றன? அந்தப் பொருளை அந்த அளவில் எழுத உடலில் வேறு ஆள் அநேகமாக இல்லை. கட்டியின் கையெழுத்து தனியாகத் தெரிகிறது.

மூன்றாம் படி: கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

புரிந்துகொள்வது வேறு, கண்டறிவது வேறு. கட்டி எப்படிப் பிழைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் திசு, செல் வளர்ப்பு, விலங்கு மாதிரிகள் என்று போக வேண்டும். அறிகுறியே இல்லாத ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால் ரத்தமோ சிறுநீரோ மூச்சோதான். இரண்டையும் ஒரே ஆய்வில் செய்ய முயன்றால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

கண்டறிவதுதான் நோக்கம் என்றால், யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. 65 வயது நோயாளிகளை 24 வயது மாணவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் கண்டுபிடிப்பது வயது. கணையப் புற்றுநோயை ஆரோக்கியமானவரிடமிருந்து பிரிப்பது யாருக்கும் பெரிதாக உதவாது. கணைய அழற்சியிலிருந்து பிரிக்க முடிகிறதா என்பதுதான் மருத்துவர் கேட்கும் கேள்வி. உடல் எடை, சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள், புகைப்பழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் ரத்தத்தில் உரக்கப் பேசும். நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் கோட்டினின் முதலிடத்தில் வந்தால் மகிழாதீர்கள். அது நிக்கோட்டின் உடைந்து வருவது.

நான்காம் படி: மாதிரி எடுத்தல்

என்னைக் கேட்டால் ஒரு திட்டத்தின் தலையெழுத்தில் பாதி இங்கேதான் எழுதப்படுகிறது. இருந்தும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்குக் கிடைப்பது நான்கு வரி.

ரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது; அவை குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டாக்கித்தான் வாழ்கின்றன. பிரிக்காத ரத்தத்தை அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும், லாக்டேட் ஏறும். இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். தன்னார்வலர்களின் ரத்தம் ஆய்வகத்துக்கு அடுத்த அறையில் எடுக்கப்பட்டு 15 நிமிடத்தில், செல்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குப் போகிறது. நோயாளிகளின் ரத்தம் அறுவை அரங்கில் எடுக்கப்பட்டு, யாராவது கீழே போகும்வரை மூன்று மணி நேரம் தட்டில் காத்திருக்கிறது. முடிவில் நோயாளிகளிடம் குளுக்கோஸ் குறைவு, லாக்டேட் அதிகம். வார்பர்க் சொன்னது ரத்தத்திலேயே தெரிகிறது என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கும்! எழுதியது தட்டில் காத்திருந்த சிவப்பணுக்கள்.

எனவே எடுத்த நேரம், பிரித்த நேரம், உறையவைத்த நேரம் மூன்றையும் ஒவ்வொரு குழாய்க்கும் எழுதுங்கள். எடுத்தவுடன் பனிக்கட்டியில் வையுங்கள். எத்தனை நிமிடத்துக்குள் பிரிப்பது என்று ஒரு எல்லை வைத்து அதை இரண்டு குழுவுக்கும் ஒன்றாகக் கடைப்பிடியுங்கள். (சீரம் வேண்டுமென்றால் ரத்தம் உறைய நேரம் கொடுக்க வேண்டும், அந்த நேரமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.) குழாயின் வகையை இடையில் மாற்றாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் சேர்த்த குழாயில் எடுத்துவிட்டு சிட்ரேட் அளவைப் பற்றிப் பேச முடியாது, அதே வேலைக்கு ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாய் என்.எம்.ஆர். வரைபடத்தில் தன் முனைகளைத் தானே நட்டுவைக்கும். வெறும் வயிறு என்றால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அறுவைக்கு முன் 14 மணி நேரம் பட்டினி கிடந்தவரின் கீட்டோன்களும் (பட்டினியில் கொழுப்பு எரிந்து வருபவை), 8 மணி நேரம் கழித்து வந்தவரின் கீட்டோன்களும் ஒன்றாக இருக்காது. பிரித்த பிளாஸ்மாவைச் சிறு சிறு பங்குகளாக்கி மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரே பெரிய குழாயில் வைத்துத் தேவைப்படும்போதெல்லாம் உருக்கி உருக்கி உறையவைத்தால் மாதிரி கெடும்.

திசு என்றால் அவசரம் இன்னும் அதிகம். ரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்து ஏ.டி.பி. சரியும், லாக்டேட் ஏறும். வெட்டிய துண்டைத் திரவ நைட்ரஜனில் உடனே போட அறுவை அரங்கிலேயே ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு அனுமதி வாங்குவது கருவி வாங்குவதைவிடக் கடினம் என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு பெரிய குடும்பங்கள் உள்ளன. என்.எம்.ஆர். மாதிரியை அழிக்காது, இன்று அளந்ததும் அடுத்த ஆண்டு அளந்ததும் ஒத்துப்போகும், ஆனால் ரத்தத்தில் அதிக அளவில் இருக்கும் சில பத்துப் பொருட்களைத்தான் நம்பகமாகப் பார்க்கும். மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், கலவையிலுள்ள பொருட்களை முன்னதாகப் பிரித்துத் தரும் திரவ அல்லது வாயு குரோமட்டோகிராஃபியோடு இணைந்து, அதைவிட மிகமிகக் குறைந்த அளவுகளையும் பிடிக்கும். ஆயிரக்கணக்கான சமிக்ஞைகளைக் கொட்டும். கூடவே மனநிலை மாறும் கருவி அது. காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு காட்டும்.

எதைத் தேடுகிறோம் என்று தெரியாவிட்டால் இலக்கில்லா முறை, தெரிந்தால் இலக்கு முறை. இலக்கு முறையில், தேடும் பொருளின் கனமான ஐசோடோப்பு வடிவத்தைத் தெரிந்த அளவில் கலந்து, அதனோடு ஒப்பிட்டு உண்மையான செறிவைச் சொல்லலாம். முதல் திட்டத்துக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இலக்கு முறையைத்தான். பத்துப் பொருட்களைச் சரியாக அளப்பது, மூவாயிரம் பெயரில்லாச் சமிக்ஞைகளோடு மல்லுக்கட்டுவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

மாதிரியே எடுக்காமல் உடலுக்குள் பார்க்கும் வழிகளும் உள்ளன. எம்.ஆர்.ஐ. கருவியிலேயே நிறமாலை எடுத்து மூளைக் கட்டியில் கோலின், லாக்டேட், ஐ.டி.எச். பிறழ்வு இருந்தால் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கனமான கார்பன்-13 கொண்ட பைருவேட்டின் (குளுக்கோஸ் லாக்டேட்டாகும் வழியில் வரும் பொருள்) சமிக்ஞையைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெருக்கி உடலில் செலுத்தி, அது லாக்டேட்டாக மாறுவதைக் கண்ணெதிரே படம்பிடிக்கும் முறையை மனிதர்களிடம் முதலில் சோதித்த முடிவு, புராஸ்டேட் புற்றுநோயாளிகளைக் கொண்டு, 2013இல் வெளிவந்தது. அந்தச் சமிக்ஞை ஓரிரு நிமிடத்தில் தேய்ந்துவிடும். அதே ஆண்டு, மின்கத்தி வெட்டும்போது எழும் புகையை நேராக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்பி, வெட்டுவது கட்டியா நல்ல திசுவா என்று சில நொடிகளில் சொல்லும் கத்தியை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் குழு அறிமுகப்படுத்தியது. எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. அங்கே வரியை எழுதியவர் யார் என்ற குழப்பம் குறைவு. புகை வரும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆறாம் படி: ஓட்டம்

எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிது எடுத்து ஒரு பொதுக் கலவை தயாரியுங்கள். அதை ஐந்து முதல் பத்து மாதிரிகளுக்கு ஒருமுறை கருவியில் ஓட்டுங்கள். ஒரே கலவை என்பதால் அளவும் ஒன்றாகவே வர வேண்டும். அதில் ஒரு சமிக்ஞை 30 சதவீதத்துக்கு மேல் ஊசலாடினால் அந்தச் சமிக்ஞையைத் தூக்கிப்போடுங்கள். மாதிரிகளைக் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்துங்கள். திங்கள் முழுவதும் நோயாளிகள், செவ்வாய் முழுவதும் ஆரோக்கியமானவர்கள் என்று ஓட்டினால் உங்களுக்குக் கிடைப்பது திங்களுக்கும் செவ்வாய்க்கும் உள்ள வித்தியாசம். எந்தப் புள்ளியியலாலும் அதைப் பிறகு சரிசெய்ய முடியாது.

ஏழாம் படி: சமிக்ஞைக்குப் பெயர் வைத்தல்

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தருவது ஒரு நிறையும் ஒரு நேரமும், பெயரைத் தராது. 21.98 வித்தியாசத்தில் இரண்டு சமிக்ஞைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அவை இரண்டு பொருட்கள் அல்ல. ஒரே பொருள் ஒருமுறை புரோட்டானோடும் ஒருமுறை சோடியத்தோடும் பறந்திருக்கிறது. மூவாயிரம் சமிக்ஞை என்பது இப்படிக் கழித்துக்கொண்டே போனால் சில நூறு பொருட்களில் வந்து நிற்கும்.

மறுபக்கம், வெவ்வேறு பொருட்கள் ஒரே நிறையில் ஒளிந்திருக்கும். லூசினும் ஐசோலூசினும் அப்படி. சார்க்கோசினும் அலனினும் அப்படி. இரண்டுக்கும் நிறை 89, ஆனால் ரத்தத்தில் அலனின் மிக அதிகம், சார்க்கோசின் துளி. 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட்டுக்கே இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு: ஐ.டி.எச். பிறழ்வு செய்வது டி வடிவம். ஆக்சிஜன் குறைந்த செல்லில் எல் வடிவமும் கூடும். சாதாரண முறையில் இரண்டும் ஒரே முனையாகத் தெரியும். யார் எழுதியது என்ற கேள்வி இங்கே ஒரு மூலக்கூறின் இடம் வலம் வரை இறங்கிவிடுகிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மனித மெட்டபோலோம் தரவுத்தளத்தில் இப்போது 2 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன. நிறையை அதில் தட்டினால் பத்துப் பெயர்கள் வரும். அவை பெயர்கள் அல்ல, சந்தேக நபர்கள். உண்மையான பொருளை வாங்கி, அதே கருவியில், அதே நிலையில் ஓட்டி, நேரமும் உடையும் விதமும் ஒத்துப்போன பிறகே பெயரை உறுதியாகச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: எண்களோடு உட்காருதல்

முதலில் பி.சி.ஏ. வரைபடம், அதாவது எல்லா அளவுகளையும் சுருக்கி ஒவ்வொரு மாதிரியையும் ஒரு புள்ளியாகக் காட்டுவது. ஆனால் புள்ளிகளுக்கு நோயாளி, ஆரோக்கியமானவர் என்று நிறம் கொடுப்பதற்கு முன், ஓட்டிய வரிசைப்படி நிறம் கொடுங்கள். பிறகு எடுத்த இடம், உறைவிப்பானில் இருந்த மாதங்கள், ஆண் பெண், வயது. இவற்றில் எதிலாவது புள்ளிகள் அழகாகப் பிரிந்தால் அங்கேயே நில்லுங்கள். நோய் என்ற நிறத்தைக் கடைசியாகக் கொடுங்கள்.

ஆயிரம் பொருட்களை 0.05 என்ற எல்லையில் (தற்செயலாகவே வர நூற்றில் ஐந்து வாய்ப்பு) சோதித்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் சுமார் 50 பொருட்கள் "வித்தியாசம்" என்று கை தூக்கும். அதற்கான திருத்தத்தை எந்த மென்பொருளும் ஒரு சொடுக்கில் செய்துதரும். செய்யாமல் விடுவதற்குச் சாக்கு இல்லை. எந்த மாதிரி எந்தக் குழு என்று முன்பே சொல்லிப் பிரிக்கவைக்கும் பி.எல்.எஸ்.-டி.ஏ. போன்ற முறைகள் இன்னும் வசீகரமானவை. மாதிரிகள் குறைவாகவும் சமிக்ஞைகள் அதிகமாகவும் இருக்கும்போது, எந்த இரண்டு குழுவையும் அவை பிரித்துக் காட்டிவிடும். சந்தேகம் இருந்தால் பெயர்ப்பட்டிகளைக் கலைத்துப்போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பிரிந்தால், முதலில் பிரிந்ததற்கும் பொருள் இல்லை.

ஒன்பதாம் படி: அளவும் ஓட்டமும்

குளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றால் வரத்து கூடியிருக்கலாம், மதகு அடைத்திருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சக்சினேட் குவிந்திருக்கிறது என்றால் அதைச் செய்யும் நொதி வேகமாக ஓடுகிறதா, அல்லது சில பாராகாங்கிலியோமா கட்டிகளில் போல அதைச் செலவழிக்கும் நொதி உடைந்திருக்கிறதா? இதற்குத்தான் கார்பன்-13 குளுக்கோஸ் கொடுத்துத் தடம் பார்ப்பது. ஆறு கார்பனும் கனமான குளுக்கோஸ் இரண்டாக உடைந்தால், மூன்று கார்பனும் கனமான லாக்டேட் வரும். எந்தக் கார்பன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

செல் வளர்ப்பில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு வளர்ப்பு ஊடகத்தில் 25 மில்லிமோலார் குளுக்கோஸ் இருக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தத்தில் இருப்பது சுமார் 5. நாள் முழுக்க விருந்தில் உட்கார்ந்திருக்கும் செல்லின் பழக்கத்தை வைத்து உடலில் உள்ள கட்டியின் பழக்கத்தைச் சொல்கிறோம். மனித பிளாஸ்மாவைப் போன்ற ஊடகங்கள் 2017 வாக்கில் வந்தபோது, யூரிக் அமிலம் சேர்ந்த மாத்திரத்திலேயே செல்களின் டி.என்.ஏ. எழுத்து உற்பத்தியில் ஒரு படி தடைபடுவது தெரிந்தது. பல பத்தாண்டுகளாக யாரும் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

பத்தாம் படி: கண்டறிதலின் கூட்டல் கழித்தல்

உங்கள் சோதனை 100 நோயாளிகளில் 90 பேரைப் பிடிக்கிறது, 100 ஆரோக்கியமானவர்களில் 95 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது 10,000 பேரைச் சோதியுங்கள். அவர்களில் 20 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்ளுங்கள். 18 பேரைப் பிடிப்பீர்கள். கூடவே மீதி 9,980 பேரில் 499 பேருக்கு "உங்களுக்குப் புற்றுநோய் இருக்கலாம்" என்று கடிதம் போகும். கடிதம் பெற்ற 517 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 3.5 சதவீதம். மற்றவர்களுக்கு ஸ்கேன், பயாப்ஸி, தூக்கமில்லா வாரங்கள். இந்தக் கணக்கை உங்கள் நோயின் எண்களோடு ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல், "ஆரம்பத்திலேயே கண்டறியலாம்" என்ற சொற்றொடரை எழுதாதீர்கள்.

சரியாக அளந்தும் தவறிப்போன கதை ஒன்று உண்டு. நியூரோபிளாஸ்டோமா என்பது குழந்தைகளுக்கு வரும் கட்டி. அது வெளியிடும் வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற பொருட்கள் சிறுநீரில் தெளிவாகத் தெரியும். ஜப்பானில் 1980களின் நடுவிலிருந்து ஆறு மாதக் குழந்தைகள் அனைவருக்கும் இந்தச் சிறுநீர்ச் சோதனையை நாடு முழுவதும் செய்தார்கள். நிறையக் கட்டிகள் கிடைத்தன. ஆனால் அந்த வயதில் கிடைத்தவற்றில் பல, விட்டிருந்தால் தாமாகவே கரைந்துபோயிருக்கும் வகை. 2002இல் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன: சோதனையால் இறப்பு குறையவில்லை. ஜப்பான் 2004இல் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. வேதியியலில் பிழை இல்லை, கையெழுத்தும் கட்டியுடையதுதான். எந்தக் கட்டியைப் பிடிக்க வேண்டும் என்பதில்தான் தவறு.

2009இல் புராஸ்டேட் புற்றுநோய் தீவிரமடைவதோடு சார்க்கோசினைத் தொடர்புபடுத்திய கட்டுரை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அடுத்து வந்த குழுக்கள் சிறுநீரில் அளந்தபோது அதே வித்தியாசம் கிடைக்கவில்லை. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு அதிகம் பிடித்தது. கணையப் புற்றுநோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் சேமித்த ரத்தத்தில் லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய மூன்றும் உயர்ந்திருந்தன. அந்தத் தொடர்பு, கண்டறிவதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன் எடுத்த மாதிரிகளில் மிக வலுவாக இருந்தது. எலிகளில் தொடர்ந்து பார்த்தபோது, அவை உடலின் சொந்தப் புரதம் கரைவதால் வந்தவை என்று தெரிந்தது. வரியை எழுதியது கட்டி அல்ல. கட்டி தொடங்கிவைத்த சேதத்தை உடல் எழுதியது. இதே மூன்றும் சர்க்கரை நோய் வரப்போகிறவர்களிடமும் உயர்கின்றன என்பதால், இதை மட்டும் வைத்து யாருக்கும் நோய் என்று சொல்ல முடியாது. ஆனாலும், நோய் பற்றிய அறிவாக இது தங்கம்.

இந்த வாரமே தொடங்க விரும்பினால்

கருவி வேண்டாம். ஐரோப்பாவின் மெட்டபோலைட்ஸ் (MetaboLights), அமெரிக்காவின் மெட்டபோலோமிக்ஸ் வொர்க்பெஞ்ச் ஆகிய இரண்டு களஞ்சியங்களிலும் புற்றுநோய் ஆய்வுகளின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சிறிய தொகுப்பை இறக்கி, மெட்டபோஅனலிஸ்ட் என்ற இலவச இணையக் கருவியில் ஏற்றிப் பாருங்கள். கட்டுரையில் சொன்ன முடிவு உங்களுக்கும் வருகிறதா? வராவிட்டால் எந்தப் படியில் பிரிகிறது? பொதுக் கலவையின் அளவுகள் கொடுத்திருக்கிறார்களா, ஓட்டிய வரிசை கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கொடுக்காதவர்களின் எண்ணிக்கை உங்களை ஆச்சரியப்படுத்தும்.

மாதிரி சேகரிக்கும் நாள் வரும்போது, ஒரு பக்கப் படிவம் தயாரித்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இப்போது பதினேழு கட்டங்கள் இருக்கின்றன: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மாத்திரைகள், புகை, குழாயின் தொகுதி எண், எடுத்த நிமிடம், பிரித்த நிமிடம், எந்த அடுக்கில் வைத்தது என்று போகும். பதினேழாவது கட்டத்தைப் பார்த்துச் செவிலியர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். "தோலை எதனால் துடைத்தீர்கள்? உலர்ந்த பிறகா குத்தினீர்கள்?"